ஈப்போ பக்கம் திரும்பிய ரொட்டி வேன்

செவ்வாய்க்கிழமை காலை ரொட்டி வேனின் ஹார்ன் கேட்டுத் தட்டோடு வாசலுக்குப் போனேன். ஓட்டி வந்தவர் வேறு யாரோ. "சாகுல் நானா விடியக்காலைல மவுத்தாயிட்டாருங்க டீச்சர். நெஞ்சு வலி" என்றார். சாவுச் செய்தியைக் கேட்ட நான், "சரி, ரெண்டு ரொட்டி கொடுங்க" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்னும் விளங்கவில்லை.

சிங்கப்பூரில் சிராங்கூன் சாலையை ஒட்டிய சந்துகளுக்கெல்லாம் ரொட்டி கொண்டுவந்தவர் நானா; எல்லாருக்கும் அண்ணன் மாதிரி. எங்களுக்குப் பக்கத்து வீடு. ஒரு வீட்டுக்கு வழி கேட்டால், வழியோடு அந்த வீட்டு நாயின் குணத்தையும் சேர்த்தே சொல்வார். வழி தெரிந்தவர் என்பதுதான் அவருடைய பெருமை. அதைக் கெடுத்தவள் நான்.

அறுபதுகளின் தொடக்கத்தில், கம்பெனி கழித்துப்போட்ட பழைய வேன் ஒன்றை வாங்கி, ரொட்டித் தட்டுகளைக் கழற்றிவிட்டுப் பலகையடித்துப் படுக்கை போட்டார். ஒரு மண்ணெண்ணெய் அடுப்பு. அவர் மனைவியின் பழைய கைலியில் திரைச்சீலை. அந்த அம்மாளை நான் லாத்தா என்பேன். எனக்கு அக்கா மாதிரி. "வீட்டையே ஓட்டிக்கிட்டுப் போறோம், வாங்க லா" என்று சீனப் புத்தாண்டு விடுமுறையில் என்னையும் மலாயாவில் உள்ள கேமரன் மலைக்கு அழைத்துப் போனார்கள். வழியில் ஹார்ன் அடித்தால் போதும், தோட்டத்துப் பெண்கள் தட்டோடு ஓடிவருவார்கள். "ரொட்டி இல்லம்மா, உள்ளே நாங்கதான் இருக்கோம்" என்பார் நானா.

திரும்பும்போது இறக்கத்து வளைவுகளில் லாத்தாவுக்குத் தலைசுற்றி, பின்னால் போய்ப் படுத்துவிட்டார். அடிவாரத்தில் ரப்பர் மரங்கள் இலை உதிர்க்கும் காலம். சரிவு முழுக்கச் சிவப்பும் மஞ்சளும், சாலையெல்லாம் இலை. நான் வாய் பிளந்து பார்த்துக்கொண்டு வந்தேன். மடியில் வரைபடம். பள்ளியில் பூகோளம் சொல்லிக்கொடுக்கிறவள் அல்லவா, வழி சொல்வது என் வேலை என்று பிடுங்கி வைத்திருந்தேன்.

தாப்பா முச்சந்தியில், "எந்தப் பக்கம் டீச்சர்?" என்றார்.

"வலது பக்கம்."

"நிச்சயமாவா?"

"நீங்க டீச்சரா, நான் டீச்சரா?"

வலது பக்கமே திருப்பினார். சிங்கப்பூருக்கு இடது பக்கம் போயிருக்க வேண்டும்.

கொஞ்ச தூரத்தில் ஒரு மைல்கல்லில், எதிர்த்திசையில் இருக்கும் ஈப்போவின் பெயரைப் பார்த்தேன். வரைபடத்தை மடித்துப் பைக்குள் வைத்தேன். அடுத்த தேநீர்க் கடையருகே நானா வேனைத் திருப்பினார். விழித்துக்கொண்ட லாத்தா ஏன் என்று கேட்டதற்கு, "நான்தான் பராக்குப் பார்த்து வழியை விட்டுட்டேன் புள்ள" என்றார். என் பக்கம் பார்க்கவே இல்லை.

லாத்தா ஜொகூர் வரைக்கும் திட்டிக்கொண்டு வந்தார். பிறகு தெருவெல்லாம் சொன்னார். அன்றிலிருந்து அவர் 'ஈப்போ நானா'. "நானா, இது சிராங்கூனா, ஈப்போவா?" என்று பிள்ளைகள்கூடக் கேலி செய்வார்கள். அவர் சிரிப்பார். பாவி, நானும் சிரித்திருக்கிறேன். சொல்லிவிடுவோம் என்று எத்தனையோ காலை வேன் வரைக்கும் போய், ரொட்டியை வாங்கிக்கொண்டு திரும்பியிருக்கிறேன். தப்பு என்று தெரிந்தேதான் வலது பக்கம் திருப்பினாரா? ஏன் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை? யோசிக்க யோசிக்கக் குழப்பம்தான் மிஞ்சுகிறது.

நேற்று லாத்தாவின் அருகில் உட்கார்ந்திருந்தேன். "வழி தெரியாத மனுசன் டீச்சர். எப்படித் தனியாப் போய்ச் சேருவாரு?" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அப்போதும் எனக்கு நாக்கு எழவில்லை.

அதனால்தான் எழுதுகிறேன். இதைப் பத்திரிகையில் அச்சுக்குக் கொடுக்குமுன் லாத்தாவுக்கு நானே படித்துக் காட்டுவேன். லாத்தா, உங்கள் வீட்டுக்காரர் வழி தவறியதே இல்லை. தப்பாகச் சொன்னவள் நான்.

போய் வாருங்கள் நானா. இந்த முறை பக்கத்து சீட்டில் நான் இல்லை. சரியாகப் போய்ச் சேர்ந்துவிடுவீர்கள்.