அமலதாஸின் தலைப்பாகை ஒப்பந்தம்

அமலதாஸைப் பற்றி எழுத என்னைவிடத் தகுதியானவர்கள் மைசூரில் நூறு பேர் இருப்பார்கள். ஆனால் அவனுடைய தலைப்பாகை இருப்பது என் வீட்டு அலமாரியில். ஆகவே நான்தான் எழுத வேண்டும்.

என் பெயர் கருப்புசாமி, ஊர் ஹனூர். அமலதாஸ் மைசூரிலேயே பிறந்து வளர்ந்தவன். அவன் அம்மா மெட்டில்டா, ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். 1936-இல் நாங்கள் இருவரும் சென்னையில் பி.எல். தேறினோம். கூடப் படித்த பசவராஜும் லிங்கப்பனும் எங்களோடு சேர்ந்துகொள்ள, மைசூரில் தேவராஜ மொஹல்லா என்கிற பேட்டையில் வெற்றிலை மண்டிக்கு மேலே ஒரு மாடி அறையைப் பிடித்தோம். அமலதாஸின் வீடு இரண்டு தெரு தள்ளி இருந்தது. தூங்குவதற்கு மட்டும் அங்கே போவான்.

வக்கீலாகப் பதிந்துகொள்வதற்கு முன் ஒரு பெரிய வக்கீலிடம் ஒரு வருஷமாவது தொழில் பழக வேண்டும். பாகப் பிரிவினை, வரப்புத் தகராறு இதெல்லாம் நமக்கு வேண்டாம் என்பதில் நாங்கள் நால்வரும் ஒரே பிடியாக இருந்தோம். மில்லுக்கும் பாங்குக்கும் பட்டுக் கம்பெனிக்கும் பத்திரம் எழுதுகிற கம்பெனி வக்கீல் ஆபீஸ்தான் வேண்டும். ஏன் என்று கேட்டால் ஒருவருக்கும் பதில் தெரியாது. அந்த ஆபீஸ்களில் மின்விசிறி ஓடியது, அது ஒரு காரணம்.

மைசூருக்கும் பெங்களூருக்குமாக நாற்பத்தோரு மனு போட்டோம். வந்த பதில்களில் முக்கால்வாசி, இடமில்லை என்பதை ஒரு பக்கம் நீட்டிச் சொன்னவை. ஒரு வக்கீல் மட்டும், இடமில்லை, ஆனால் எனக்குக் கல்யாண வயதில் பெண் இருக்கிறாள், ஜாதகம் அனுப்பவும் என்று பசவராஜுக்கு எழுதியிருந்தார். அந்தக் கடிதத்தைச் சுவரில் ஒட்டி வைத்துத் தினமும் படித்துச் சிரித்தோம். வேலை இல்லாத கவலை எங்களுக்குத் துளியும் இல்லை. படித்த சட்டம் தலைக்கு ஏறியிருந்தது.

எவ்வளவு ஏறியிருந்தது என்றால், அறையில் எதைச் செய்தாலும் ஒப்பந்தம் எழுதித்தான் செய்தோம். யார் முதலில் குளிப்பது, பேப்பரை யார் பிரிப்பது, லிங்கப்பன் குறட்டை விட்டால் அவனை எத்தனை முறை உதைக்கலாம், எல்லாவற்றுக்கும் பத்திரம் உண்டு. எழுதுகிறவன் எப்போதும் அமலதாஸ்தான். அவன் எழுதிய பத்திரத்தில் ஊசி நுழைய இடம் இருக்காது. தப்பித்துக்கொள்ள வழி தேடித் தேடி நாங்கள் மூன்று பேரும் தோற்றுப் போயிருக்கிறோம். குறட்டைப் பத்திரத்தின்படி லிங்கப்பன் வாங்கிய உதைகள் இன்றைக்கும் செல்லும்.

புரட்டாசி மாதத்தில் ஒரு நாள் மல்லப்பன் ஆபீஸிலிருந்து நால்வருக்கும் சேர்த்து ஒரே கடிதம் வந்தது. கம்பெனி வக்கீல் என்றால் மைசூரில் அப்போது மல்லப்பன்தான். இருப்பது ஒரே ஓர் இடம். மறுநாள் காலை பத்து மணிக்கு பசவராஜ், பத்தரைக்கு லிங்கப்பன், பதினொன்றுக்கு நான், பதினொன்றரைக்கு அமலதாஸ். கடைசி வரியில் அடிக்கோடு போட்டு ஒன்று எழுதியிருந்தது: தலைப்பாகை இல்லாமல் வருகிறவரை உள்ளே விடுவதற்கில்லை.

அமலதாஸைத் தவிர எங்கள் மூவரிடமும் கோட்டு இருந்தது, பட்டம் இருந்தது, தலைக்கு ஒன்றும் இல்லை. மார்க்கெட்டைச் சுற்றி இருந்த தலைப்பாகைக் கடைகள் அத்தனையும் ஏறி இறங்கினோம். தலைப்பாகை இல்லாமல் நுழைய முடியாத அரண்மனைத் தசரா தர்பார் நெருங்கிக்கொண்டிருந்தது. ஊரில் கட்டின தலைப்பாகை, கட்டப் போகிற தலைப்பாகை எல்லாவற்றுக்கும் ஆள் சொல்லி வைத்திருந்தார்கள். தசரா கழியட்டும் வாங்க என்று ஒரு கடைக்காரர் எங்களைப் படியிலேயே திருப்பி அனுப்பினார். நால்வரிலும் அமலதாஸிடம் மட்டும்தான் ஒன்று இருந்தது. மெட்டில்டா அம்மாள் மகனின் தலையை அளந்து கொடுத்து, சரிகைக் கரை போட்டுக் கட்டச் சொல்லி வாங்கியது.

வேறொருவன் என்றால் அதைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டுத் தூங்கப் போயிருப்பான். அமலதாஸ் காகிதத்தை எடுத்தான். நால்வருக்கும் ஒரே தலைப்பாகை, அதற்கு ஐந்து ஷரத்து. மூன்றாவது ஷரத்தை எழுதச் சொல்லிக் கேட்டவன் நான். பேட்டி நடுவில் எவனாவது வந்து பிடுங்கிக்கொண்டு போய்விட்டால் என்ன செய்வது என்று எனக்குப் பயம். அவன் தயங்காமல் எழுதினான்: "பேட்டி முடியும் வரை, அணிந்திருப்பவன் தலையிலிருந்து தலைப்பாகையை எவரும், உடையவன் உட்பட, எக்காரணம் கொண்டும் எடுக்கக் கூடாது." நால்வரும் கையெழுத்துப் போட்டோம்.

மறுநாள் பசவராஜ் போனான். தலைப்பாகை அவன் காது வரை இறங்கி உட்கார்ந்தது. ஐந்தே நிமிஷத்தில் வெளியே வந்து கழற்றிக் கொடுத்தான். லிங்கப்பனுக்கு உச்சந்தலையில் ஒட்டிக்கொண்டு நின்றது. அவனும் உடனே வந்துவிட்டான். என் முறை வந்தது. சொன்னால் நம்ப மாட்டீர்கள், எனக்கு அது அளவெடுத்தது மாதிரி இருந்தது.

"எந்தூருப்பா?" என்றார் மல்லப்பன்.

"ஹனூருங்க."

"அட, நம்ம பக்கம். நானும் கொள்ளேகாலத்துக்காரன்தான்." பிறகு கம்பெனிச் சட்டத்தில் இரண்டு கேள்வி கேட்டார். ஒன்றுக்குச் சரியாகச் சொன்னேன். "சரி, வெளிய உக்காரு. மறுபடி கூப்பிடறேன்."

நான் பறந்துகொண்டுதான் வெளியே வந்தேன். வேலை எனக்குத்தான் என்று முடிவே கட்டிவிட்டேன். பெஞ்சில் உட்கார்ந்து, மின்விசிறியின் கீழ் என் மேஜையை எந்தப் பக்கம் போடச் சொல்லலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தபோது, வாசலில் நின்ற சேவகன் தொட்டையன் அமலதாஸின் பெயரைக் கூப்பிட்டான்.

"சீக்கிரம் கழட்டு மகராசா," என்றான் அமலதாஸ்.

"என்னோடது இன்னும் முடியலீடா. மறுபடி கூப்பிடறேன்னு சொல்லியிருக்காரு."

"அதுக்கு?"

"மூணாவது ஷரத்து," என்றேன்.

என்னைத் திட்டுங்கள், நான் மறுக்கப் போவதில்லை. அந்த நிமிஷத்தில் எனக்கு அந்த மேஜை தெரிந்ததே தவிர அவன் முகம் தெரியவில்லை. அவன் கோட்டுப் பையிலிருந்து பத்திரத்தை எடுத்து மூன்றாவது ஷரத்தை ஒரு தடவை படித்தான், மறுபடியும் படித்தான். பிறகு சிரித்துவிட்டான். "ஆமாம், உடையவன் உட்பட. நான்தானே எழுதினேன்," என்றான். வெறுந்தலையோடு வாசலுக்குப் போனான். தொட்டையன் கையை நீட்டி மறித்தான்.

"தலைப்பாகை எங்க சாமி?"

"அது பெஞ்சுல உக்காந்திருக்கு. அதை உள்ள அனுப்பட்டுமா, நான் வரட்டுமா, உங்க எஜமானர்கிட்ட கேட்டுச் சொல்லுங்க."

தொட்டையன் அதை அப்படியே போய்ச் சொல்லியிருக்க வேண்டும். மல்லப்பன் எழுந்து வெளியே வந்துவிட்டார். என் தலையைப் பார்த்தார், அமலதாஸின் தலையைப் பார்த்தார். "காலையிலிருந்து இதே சரிகைக் கரைய மூணு தடவ பாத்துட்டேன். யாரோடது?"

"என்னுதுங்க சார்," என்றான் அமலதாஸ்.

"அப்ப வாங்கிக்க வேண்டியதுதானே?"

"சட்டப்படி முடியாதுங்க சார்." பத்திரத்தை நீட்டினான்.

மல்லப்பன் நின்றுகொண்டே படித்தார். மூக்குக்கண்ணாடியை மேலே தள்ளிக்கொண்டு திரும்பவும் படித்தார். ஓட்டை தேடுகிறார் என்று எனக்குப் புரிந்தது. எங்களுக்கு அகப்படாதது அவருக்கும் அகப்படவில்லை. கடைசியில் என் பக்கம் திரும்பினார்.

"பேட்டி முடிஞ்சாத்தான் கழட்டுவியா?"

"ஆமாங்க."

"கருப்புசாமி, உன் பேட்டி முடிஞ்சுது. கழட்டிக் குடு."

அந்த ஒரு வார்த்தையில் அவனுக்குத் தலைப்பாகை போனது, எனக்கு வேலை போனது. கழற்றிக் கொடுத்தேன். அவமானத்தில் பாதி, வயிற்றெரிச்சலில் பாதி. அமலதாஸ் தலைப்பாகையை வைத்துக்கொண்டு உள்ளே போனான். கதவு திறந்தே இருந்ததால் மல்லப்பன் பேசியது எனக்கும் கேட்டது.

"உடையவனே மீள முடியாதபடி எழுதியிருக்கே. கட்சிக்காரனுக்கு எழுத எனக்கு இந்தக் கைதான் வேணும். நாளைக்கு வந்துரு. ஒண்ணு மட்டும் ஞாபகம் வச்சுக்க. உன் சொந்த விஷயத்த மட்டும் நீ எழுதாதே. வேற யாரையாவது எழுதச் சொல்லு."

இரண்டு நாள் நான் அவனோடு பேசவில்லை. தப்பு என்னுடையது, கோபமும் என்னுடையது. அவனுக்கு என்று ஒன்றும் மிச்சம் வைக்கவில்லை. அடுத்த வாரம், தசராவுக்கு இரண்டு நாள் இருக்கும்போது, இன்னொரு கம்பெனி வக்கீலிடமிருந்து எனக்குக் கடிதம் வந்தது. அங்கேயும் தலைப்பாகை வேண்டும். நான் யாரிடமும் சொல்லவில்லை. கடிதத்தைப் பார்த்த பசவராஜ் சொல்லியிருப்பான். பேட்டி அன்று காலையில் அமலதாஸ் படியேறி வந்து தலைப்பாகையை என் மடியில் வைத்தான்.

"பத்திரம்?" என்றேன்.

"நீ எழுது. என் சொந்த விஷயத்த நான் எழுதக் கூடாது, எஜமானர் உத்தரவு."

ஒரே ஒரு ஷரத்துதான் எழுதினேன்: "உடையவன் கேட்டால் அந்த நிமிஷமே கழற்றிக் கொடுக்க வேண்டும்." எழுதும்போது எனக்குக் கண் கலங்கியது, அதை அவன் பார்த்தான். வாங்கிப் படித்தான். "நான் கேட்க மாட்டேன்," என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டான்.

அந்த இடம் எனக்குக் கிடைத்தது. பதினொரு வருஷம் ஆகிவிட்டது. இன்று மல்லப்பன் ஆபீஸில் பாதி வேலை அமலதாஸின் மேஜையில்தான் நடக்கிறது. அவன் வாடகை வீட்டுக்கும், பிறகு வாங்கிய வீட்டுக்கும் நான்தான் பத்திரம் எழுதினேன். இரண்டிலும் அவனை ஒரு பயலும் அசைக்க முடியாது. ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசை முடிந்து காபிக்கு என் வீட்டுக்கு வருவான். அலமாரிக் கண்ணாடிக்குள் சரிகை கறுத்துப்போய் அது உட்கார்ந்திருப்பதைப் பார்ப்பான்.

இன்று வரை அவன் கேட்கவில்லை. நானும் கொடுக்கவில்லை. ஷரத்து அப்படித்தான் இருக்கிறது.