அத்தையின் நெறிக்கட்டியும் என் அரைகுறைப் படிப்பும்

தோழிகளே, இவ்வளவு நாள் கழித்து எழுதுவதற்கு மன்னியுங்கள். ஆளுக்கொரு பக்கம் எழுதி அடுத்தவருக்கு அனுப்பும் நம் சுற்றுக் கடிதம் என் கைக்கு வந்து இரண்டு வாரமாகிறது. மகன் இப்போதுதான் தூங்கினான். (எழுத்து கோணினால் அவன் புரண்டான் என்று கொள்க.)

இன்று திருச்சி ஆஸ்பத்திரியில் ரிசல்ட் சொன்னார்கள்!

முதலிலிருந்து சொல்கிறேன். என் மாமியாருக்குத் தீட்டு நின்று ஏழு வருடம். மறுபடி உதிரம் பட்டதை ஐந்து மாதம் யாரிடமும் சொல்லவில்லை. விடியுமுன் தனியாகத் துணி அலசுவதைப் பார்த்து நான்தான் கேட்டேன்.

திருச்சியில் சோதித்துவிட்டு, கருப்பையில் புற்று என்றார்கள்.

ஆபரேஷனுக்காக ஆஸ்பத்திரியில் சேரும் அன்று பஸ்ஸில், தொடை இடுக்கில் நெறி கட்டியிருப்பதாக அத்தை சாவகாசமாகச் சொன்னார். புற்று நெறிகளுக்கு, அதாவது நிணநீர் முடிச்சுகளுக்கு, பரவும் என்று படித்தவளாயிற்றே நான்! விராலிமலை தாண்டும்வரை முந்தானையால் முகத்தை மூடி அழுதேன். (குழந்தை என் மூக்குத்தியை இழுத்து ஆறுதல் சொன்னான்.)

டாக்டரம்மா கட்டியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "காலைக் காட்டுங்கம்மா" என்றார்.

இடது குதிகாலில் ஒடிந்த கருவேல முள், சுற்றிலும் சீழ்.

"கடலைக் கொல்லைக்குப் போனீங்களா அத்தை?"

"நீதான் போகக் கூடாதுன்னியே. அதான் சொல்லல."

முள்ளை எடுத்து மருந்து போட்டார்கள். ஒரு வாரத்தில் நெறி வற்றிவிட்டது. நான் துள்ளாத குறை. டாக்டரம்மா என்னைத் தனியே அழைத்தார்.

"இது முள்ளுக்குக் கட்டுனது. நான் பயப்படுற நெறி வயித்துக்குள்ள இருக்கு, கைக்குத் தட்டுப்படாது."

அந்த நெறிகளுக்குப் பரவியிருக்கிறதா என்று முன்கூட்டியே சொல்ல வழியில்லையா என்று கேட்டேன். கருப்பைச் சதையில் புற்று எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கிறது என்பதை வைத்து ஓரளவு ஊகிக்கலாமாம்; அதுவும் கருப்பையை எடுத்துப் பார்த்த பிறகுதான். நெறிகளையும் எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தால்தான் நிச்சயமாம்.

ஆபரேஷன் முடிந்து பன்னிரண்டு நாள் காத்திருந்தோம். நான் சாப்பிட்டதைவிட நகம் கடித்ததுதான் அதிகம்.

இன்று சொன்னார்கள். புற்று ஆழமாக இறங்காமல் மேலோட்டமாகத்தான் இருந்திருக்கிறது. எடுத்த நெறிகளில் ஒன்றில்கூட இல்லை. மூன்று மாதத்துக்கு ஒரு தரம் வந்து காட்ட வேண்டும், அவ்வளவுதான்.

நான் அழுதேன். அத்தை டாக்டரம்மாவிடம் கேட்டார்: "அப்ப கடலை பறிக்கப் போலாங்களா?"

"செருப்புப் போட்டுக்கிட்டு, ரெண்டு மாசம் கழிச்சுப் போங்க."

திரும்பும்போது, ஏன் ஐந்து மாதம் மறைத்தீர்கள் என்று கேட்டேன்.

"நீ ஒருத்திதானத்தா கேட்ட. வேற யாரு கேட்டா?"

அதனால்தான் இந்த நேரத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். உங்கள் அம்மாவிடமும் மாமியாரிடமும் வெட்கப்படாமல் கேளுங்கள். கேட்டீர்களா என்று சீக்கிரம் பதில் போடுங்கள்.