யாரோ செய்த வேலை

வீட்டில் எல்லோருக்கும் அவள் சின்னவள். வெளியே, மென்பொருள் எழுதுகிறவள். என்ன மென்பொருள் என்று அக்கம்பக்கத்தார் கேட்டால், லிஃப்ட் பழுதுபார்க்கும் அவளுடைய அண்ணன் முந்திக்கொள்வான்.

"வாக்கியத்தைப் பிரிச்சுப் பாக்கற மிஷினுங்க. யாரு செஞ்சது, என்ன நடந்துச்சு, யாருக்கு நடந்துச்சுன்னு புட்டுப் புட்டு வெச்சிடும்."

அவன் சொன்னதில் பாதி சரி. சொற்களைப் பெயர், வினை என்று இனம் பிரிப்பதோடு நில்லாமல், ஒவ்வொரு சொல்லும் வாக்கியத்துக்குள் என்ன வேலை பார்க்கிறது என்று ஆராய்கிற இலக்கணக்காரர்கள் உண்டு. அவர்களுக்காக அவள் செய்த கருவி அது. ஆனால் அது தானாக எதையும் புட்டு வைக்காது. நூலகத்தின் மேல்மாடியில், ஜன்னலோர மேசையில் மூன்று பெண்கள் உட்கார்ந்து, செய்தித்தாள், பாடப்புத்தகம், மருந்துச் சீட்டு என்று வரி வரியாகப் படித்துத் திரையிலுள்ள கட்டங்களை நிரப்புவார்கள். அதன் பிறகுதான் கருவி எண்ணத் தொடங்கும்.

முதல் முழு எண்ணிக்கை வந்தபோது சின்னவள் நம்பாமல் இன்னொரு முறை ஓட்டிப் பார்த்தாள். 'செய்தவர்' என்ற பட்டியலில் அரசு இரண்டாவது, அம்மா மூன்றாவது. எல்லோரையும் எங்கேயோ பின்னால் விட்டுவிட்டு முதலில் நின்றது 'யாரோ'.

"யாரும்மா அந்த உழைப்பாளி?" என்றான் அண்ணன், சாப்பிட்ட தட்டைக் கழுவிக்கொண்டே. "எங்க லிஃப்ட்டை எல்லாம் அவன்தான் கெடுத்து வெக்கறான். பாத்தா சொல்லு."

"சும்மா இருண்ணா. எங்கேயோ தப்பு நடந்திருக்கு."

மறுநாள் வாக்கியங்களைத் திறந்து பார்த்தாள். 'விடிந்தது.' செய்தவர், யாரோ. 'எனக்குப் பசித்தது.' செய்தவர், யாரோ. 'அவளுக்குப் புரிந்தது.' அதற்கும் அவரேதான். காரணம் உடனே பிடிபட்டது. செய்தவர் கட்டத்தைக் காலியாக விட்டால் அது சிவப்பாகிவிடும். அடுத்த வாக்கியத்துக்குப் போக விடாது. யாரும் மறந்துவிடக் கூடாது என்று அவளேதான் அப்படி அமைத்திருந்தாள். செய்கிறவரே இல்லாமல் நம் பேச்சில் பாதி நடந்துவிடுகிறது என்பதை யோசிக்கவில்லை.

சிக்கல் அதோடு முடியவில்லை. 'சாலையை மூடிவிட்டார்கள்' என்ற வாக்கியத்தில் மூடியவர் நிஜமாகவே யாரோதான். நிஜமும் பொய்யும் ஒரே குவியலாகக் கிடந்தன.

இந்த ஆய்வை நடத்துகிற பேராசிரியை தலையில் கைவைத்துக்கொண்டார். "அடுத்த வாரம் பணம் ஒதுக்கற குழு வருதும்மா. இதைப் பாத்தா, குறிச்சவங்க அலட்சியமா குறிச்சிருக்காங்கன்னுதான் சொல்லுவாங்க. அடுத்த வருஷமும் அந்த மூணு பேரையே வெச்சுக்கறோம்னு நான் எந்த முகத்தோட கேக்கறது?"

"தப்பு அவங்களுது இல்ல மேடம். கட்டம் என்னுது."

"அது உனக்கும் எனக்கும் தெரியும். அவங்களுக்கு யாரோவைத்தான் தெரியும்."

சின்னவள் மேல்மாடிக்கு ஏறினாள். மூவரில் மூத்தவர் அச்சகத்தில் பல ஆண்டுகள் மெய்ப்புப் பார்த்து அச்சுப்பிழை திருத்தியவர்; அதனால் அவர் எல்லோருக்கும் மெய்ப்பக்கா. விஷயத்தை எப்படி எடுப்பது என்று தெரியாமல், "கோவிச்சுக்காதீங்கக்கா…" என்று ஆரம்பித்தாள்.

"யாரோவா?" என்றார் மெய்ப்பக்கா. "அந்தச் சிவப்பு ஒழியட்டும்னு போட்டதும்மா. உன்கிட்ட சொல்லலாம்னு வந்தா, நீ எப்பவும் காதுல எதையாவது மாட்டிக்கிட்டு உக்காந்திருப்ப. ஆனா பொய் எழுதறோமேன்னு உறுத்துச்சு. அதனால பொய் யாரோவுக்குப் பின்னாடி மட்டும் ஒரு புள்ளி வெச்சேன்."

"புள்ளியா? என் கண்ணுல படவே இல்லையே!"

"உன் மிஷின் தின்னுருக்கும்."

தின்றுதான் இருந்தது. எண்ணுவதற்கு முன் நிறுத்தக்குறிகளைத் துடைத்துவிட்டுத்தான் கருவி வேலையைத் தொடங்கும். மூலக் கோப்பைத் திறந்தாள். மெய்ப்பக்கா குறித்த வாக்கியங்களில் புள்ளிகள் வைத்தது வைத்தபடி இருந்தன. சின்னவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எங்களைப் பாக்காதீங்க," என்றாள் மூவரில் இரண்டாமவள், கைக்குழந்தைக்காரி. "எனக்கும் இவளுக்கும் அந்தப் புத்தி வரல." இவள் என்றது மூன்றாமவளை, கல்லூரி முடித்து வந்தவளை.

ஆக, மூன்றில் ஒரு பங்கு பிழைத்தது. மற்றதைக் கண்ணால்தான் பார்க்க வேண்டும். அன்று மதியமே சின்னவள் கட்டத்தில் 'செய்தவர் இல்லை' என்ற தேர்வைச் சேர்த்துவிட்டாள். விடுமுறையில் வரச்சொல்லிக் கேட்க அவளுக்கு வாய் எழவில்லை. சனிக்கிழமை காலையில் வந்து பார்த்தால் மூவரும் அவளுக்கு முன்பே வந்திருந்தார்கள். இரண்டு நாற்காலிகளைச் சேர்த்துப் போட்டுக் குழந்தையைத் தூங்க வைத்திருந்தார்கள்.

சந்தேகமான வாக்கியத்துக்குச் சின்னவள் ஒரு வழி சொன்னாள். "வேணும்னேங்கிற சொல்லைச் சேர்த்துப் படிங்க. பொருந்தினா, செஞ்சவர் ஒளிஞ்சிருக்கார். பொருந்தலைன்னா, ஆளே இல்ல."

"வேணும்னே சாலையை மூடிட்டாங்க. பொருந்துது."

"வேணும்னே எனக்குப் பசிச்சுது." குழந்தை எழுந்துவிடப் போகிறதே என்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

"வேணும்னே தட்டு உடைஞ்சுது."

"எங்க வீட்ல அப்படித்தான் உடையும்," என்றார் மெய்ப்பக்கா. "எங்க வீட்டுக்காரரு கழுவினா."

ஞாயிறு மாலை அழைத்துப்போக வந்த அண்ணனும் தப்பவில்லை. மீதி வாக்கியங்களை உரக்கப் படிக்கும் வேலை அவனுக்கு வந்தது. லிஃப்ட்டுக்குள் மாட்டிக்கொண்டவர்களுக்கு வெளியிலிருந்து தைரியம் சொல்லிப் பழகிய குரல். நாலு மாடிக்குக் கேட்டிருக்கும். குழந்தை மட்டும் அசையவில்லை.

குழு வந்தது. பட்டியலில் யாரோ எங்கோ கீழே, தன் அளவுக்கு நின்றார். 'செய்தவர் இல்லை' என்ற வரியைத்தான் அவர்கள் நெடுநேரம் பார்த்தார்கள். இதைத் தனியாக ஆராய வேண்டும் என்று குறித்துக்கொண்டார்கள். அடுத்த ஆண்டும் அதே மூவர் குறிக்கட்டும் என்று முடிவானது. செய்தியைச் சொல்லச் சின்னவள் இரண்டிரண்டு படியாகத் தாவி ஏறினாள்.

கருவியைத் திறந்ததும் தெரிகிற முதல் திரையில் இப்போது மூவரின் பெயர்களும் இருக்கின்றன. மேலே ஒரு வரி நன்றி. அதை முதலில் மெய்ப்பக்காவுக்குத்தான் காட்டினாள். அவர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு குனிந்து படித்தார்.

"என்னம்மா இது? 'நன்றி சொல்ல கடமைப்பட்டுள்ளோம்'னு போட்டிருக்க. 'சொல்ல'வுக்கு அப்புறம் ஒரு 'க்' வரணுமே, அது எங்க?"

சின்னவள் நாக்கைக் கடித்துக்கொண்டு அங்கேயே சேர்த்தாள். மெய்ப்பக்கா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துப் போட்டுக்கொண்டு, அந்த வரியை இன்னொரு முறை, இந்த முறை பிழை பார்க்காமல், மெதுவாகப் படித்தார்.