தியாகலிங்கத்தின் நாலு கொப்பிகள்

என் தம்பி தியாகலிங்கத்தை இணுவிலில் விசரன் என்று சொன்னவர்கள் உண்டு. நாசமாய்ப் போனவர்கள்! தலையில் ஈரத் துவாயைப் போட்டுக்கொண்டு, முற்றத்து வெயிலில் குந்தியிருந்து நாள்முழுக்கக் கணக்கு எழுதுகிறவனை வேறு என்ன சொல்வார்கள்? சண்டையால் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் நின்று ஐந்து வருடம். பற்றரிக்குத் தடை. அவனிடம் இருந்தது வெயில் பட்டால் வேலை செய்கிற கல்குலேற்றர் ஒன்றுதான்.

எண்பத்து மூன்று கலவரத்தோடு, பௌதிகப் பட்டத்தையும் இடுப்பில் கட்டிய ஒரு சாரத்தையும் கொண்டு கொழும்பிலிருந்து ஓடி வந்தவன். நல்லூரில் ரியூசன் கொடுத்தான். அவனும் கலியாணம் கட்டவில்லை, நானும் கட்டவில்லை. வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான்.

"உது என்னடா கணக்கு?" என்று ஒருநாள் கேட்டேன்.

"அக்கா, மின்சாரம் எடுக்கவெண்டு வெளிநாட்டிலை சூரியனிலும் சூடான வாயுவை ஒரு வளையத்துக்குள்ளை காந்தக் கோடுகளாலை கட்டி வைச்சிருக்கினம். உள்ளுக்கை கோடுகள் ஒழுங்காச் சுத்தும். விளிம்பிலை சின்னக் குழப்பம் வந்தாலும் அவை தறிகெட்டுத் திரியும். அதைப் பிடிச்சுக்கொண்டு சூடெல்லாம் சுவருக்கு ஓடியிடும்."

"நீ அதுக்கு என்ன செய்யிறாய்?"

"ஒரு கோடு ஒவ்வொரு சுத்திலையும் எங்கை போய் நிக்குதெண்டு கணிக்கிறன். தறிகெடுற பட்டை எவ்வளவு தடிப்பெண்டு அப்பதான் தெரியும்."

கம்பியூட்டர் ஒரு மணித்தியாலத்தில் செய்கிறதை இவன் இரண்டு வருடம் செய்தான். நாலு கொப்பி நிரம்பியது. பிரதி எடுக்கக் கடதாசி ஏது? தம்பி எழுதிக் கேட்டதற்கு வெளிநாட்டுப் பேராசிரியர் ஒருவர் பதில் கடிதம் போட்டிருந்தார்: ஒக்டோபர் பதினைந்துக்குள் கணக்கு முழுவதும் வந்து சேரவேண்டும், சரியாக இருந்தால் ஆராய்ச்சிக்கு இடம் தருவேன். தம்பிக்கு வயது முப்பத்தாறு. அடுத்த வருடம் எடுக்கமாட்டார்களாம்.

கடைசி இலக்கத்தை அவன் எழுதி முடித்தது சரசுவதி பூசைக்கு முதல்நாள். எனக்குத் தலைகால் தெரியாத சந்தோசம். விடியவே கும்பத்துக்குப் பக்கத்தில் நாலு கொப்பியையும் அடுக்கி, குங்குமம் வைத்து, பூப்போட்டேன். நானேதான் வைத்தேன்.

மத்தியானம், பக்கத்து ஒழுங்கைச் செல்வநாயகம் மாஸ்ரர் சைக்கிளில் வந்து நின்றார். கொழும்புக்குப் போகிறவர். அங்கே தபாலில் போட்டால் போதும்; இங்கே போட்டால் மாதக்கணக்கில் கிடக்கும்.

"ஐசே, நான் இப்பவே கிளாலிப் படகுக்கு வெளிக்கிடுறன். தாறதெண்டால் உடனை தாரும்."

தம்பி சாமியறைக்குள் ஓடிப்போய்க் கையை நீட்டினான். நான் குறுக்கே நின்றேன்.

"பூசையிலை வைச்சதை ஏடு தொடங்கும் மட்டும் தொடக்கூடாது. படிக்கப் போற நேரத்திலை வாணியோடை விளையாடாதை. நாளைக்கு விடியக் குடு."

"நாளைக்கு நான் இஞ்சை இல்லை, தங்கச்சி," என்றார் மாஸ்ரர்.

தம்பியின் கை கொஞ்ச நேரம் அப்படியே நின்றது. பிறகு கையை இழுத்துக்கொண்டான். மாஸ்ரர் போய்விட்டார்.

மறுநாள் முறைப்படி ஒரு பக்கம் வாசித்துக் கொப்பிகளை எடுத்தான். கொழும்புக்குப் போகிற வேறு ஆரையேனும் தேடி, சைக்கிளை உழக்கிக்கொண்டு வீடுவீடாகப் போனான். சண்டை நெருங்கியதால், போவதாக இருந்தவர்களும் பயணத்தை விட்டுவிட்டார்கள். பதினைந்தாம் திகதி வந்தது, போனது.

மாதக் கடைசியில் எல்லாரும் ஊரைவிட்டு வெளிக்கிடவேண்டி வந்தது. கொட்டுகிற மழை. கொப்பிகளைப் பையில் வைத்தேன். அவன் நாலையும் வெளியே எடுத்துவிட்டு அரிசியைப் போட்டான்.

"இதையெண்டால் சமைக்கலாம்," என்றான்.

தென்மராட்சியில் ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில் முப்பது பேரோடு கிடந்தோம். எனக்குச் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் கேட்டுவிட்டேன்.

"என்னிலை கோவமோடா?"

"உங்களிலை என்ன பிழை அக்கா? நீங்கள் மறிக்காட்டிலும் நான் எடுத்திருக்க மாட்டன். பூசையிலை வைச்சதெண்டு கையை நீட்டேக்கையே பயந்திட்டன். நீங்கள் மறிச்சது எனக்கு ஆறுதலாய்க் கிடந்தது."

சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தான். பாவி, இரண்டு வார்த்தை என்னை ஏசியிருந்தால் மனம் ஆறியிருக்கும். அதைக்கூட அவன் எனக்குத் தரவில்லை.