குருவிகள் மேல் போட்ட பழி

எனக்கு மூக்குக் கண்ணாடிக் கடை. ஊரில் பாதிப் பேர் என் கடைக் கண்ணாடி வழியாகத்தான் பேப்பர் படிக்கிறார்கள். ஆனால் நான் கண்ணாடி போடமாட்டேன். போட்டால் வயசு தெரிந்துவிடும் என்று ஒரு வீம்பு. பேப்பரைக் கை நீட்டித் தள்ளிப் பிடித்துப் படித்துக்கொண்டிருந்தேன். கை நீளம் போதாமல் போனதும், "எல்லாம் பொய்ச் செய்தி" என்று சொல்லி, படிப்பதையே நிறுத்திவிட்டேன்.

பிரசவத்துக்கு உதவியாக மனைவி மகள் வீட்டுக்குக் கிளம்பியபோது, பெட்டியை வாசலில் வைத்துவிட்டு நேரே எலுமிச்சை மரத்திடம் போனாள். விதை போட்டு அவளே வளர்த்தது. வருஷக்கணக்காக முள்ளைத் தவிர எதையும் தராத மரம், அப்போதுதான் முதன்முதலாக மொட்டு விட்டிருந்தது.

"நீங்க பட்டினி கிடந்தாலும் பரவாயில்ல, இதைப் பாத்துக்குங்க. நான் வரும்போது ஒரு காயாவது இருக்கணும்."

"நான் இருக்கேன்ல" என்றேன். அவள் முகத்தில் நிம்மதி ஏதும் வரவில்லை.

சீக்கிரமே இலைகளின் மேல் பழுப்பும் வெள்ளையுமாகப் பறவை எச்சம் தெரிந்தது. இலை ஓரங்களும் கடிபட்டிருந்தன. குருவிகள் கிளையில் உட்கார்ந்து கொத்துவதை என் கண்ணாலேயே பார்த்தேன். கையும் களவுமாகப் பிடித்தபின் விசாரணை எதற்கு? கடையில் விலைபோகாமல் கிடந்த கூலிங்கிளாஸ்களையும் கைக்கண்ணாடிகளையும் நூலில் கட்டி, கிளைக்குக் கிளை தொங்கவிட்டேன். அவை வெயிலில் மின்னியதில் ஒரு குருவிகூட எட்டிப் பார்க்கவில்லை. எச்சம் மட்டும் கூடிக்கொண்டே போனது. ஆந்தையாக இருக்குமோ என்றுகூட யோசித்தேன்.

பல இலைகளில் நடு நரம்புதான் மிச்சம். மொட்டுகளும் உதிர்ந்தன. பேரன் பிறந்த சேதியைச் சொல்ல அவள் போன் செய்தபோதுகூட, சந்தோஷத்தைச் சொல்லிவிட்டு, மரத்தைப் பற்றிக் கேட்பதற்குள் வைத்துவிடப் பார்த்தேன். விடுவாளா? மரத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னாள். அனுப்பிய கையோடு போன் அடித்தது.

"அது என்ன, மரத்துக்கெல்லாம் கண்ணாடி மாட்டி வச்சிருக்கீங்க?"

"குருவி எச்சம் போடுதேன்னு..."

"எச்சம்னா தரையில, சுவத்துல எங்கயும் விழாம இலையில மட்டும் எப்படி விழும்? ஒண்ணைக் குச்சியால தொட்டுப் பாருங்க."

தொட்டேன். எச்சம் தலையைத் தூக்கி, சிவப்பாக இரட்டைக் கொம்பு நீட்டியது. குப்பென்று ஒரு நாற்றம். நான் போட்ட கூச்சலுக்குப் போனின் அந்தப் பக்கம் பேரன் முழித்துக்கொண்டான்.

"வண்ணத்துப்பூச்சிப் புழுங்க அது. சின்னதுல எச்சம் மாதிரி இருக்கும், பெருசானா பச்சையாயிடும். அதைத் தின்னத்தான் குருவி வந்திருக்கு. அதையும் விரட்டிட்டீங்க! மருந்து கிருந்து அடிச்சிடாதீங்க, கையாலயே பொறுக்குங்க."

கண்ணாடிகளை அவிழ்த்தேன். பச்சைப் புழு பச்சை இலைமேல் உட்கார்ந்திருந்தால் எனக்கு இலைதான் தெரிந்தது. விரலால் ஒவ்வொரு இலையாகத் தடவித் தடவிப் பொறுக்கினேன். புழு பாதி, முள் பாதி கிடைத்தது. குருவிகள் திரும்பி வந்தன. அவற்றின் முகத்தில் முழிக்கவே எனக்குக் கூச்சமாக இருந்தது.

அவள் திரும்பி வந்தபோது மரத்தில் புதுத் துளிர் இருந்தது. காய் இல்லை. சுற்றிப் பார்த்துவிட்டு, பெட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். திட்டியிருந்தால் தேவலை.

பிறகு ஒருநாள் கடைக்கு வந்து, வாடிக்கையாளர் நாற்காலியில் என்னை உட்காரவைத்தாள். கண் சோதிக்கும் பிரேமை என் மூக்கில் மாட்டி, லென்ஸ்களை ஒவ்வொன்றாக மாற்றிப் போட்டாள். நான் ஊரையெல்லாம் கேட்கிற கேள்வியை என்னிடமே கேட்டாள்.

"இப்பத் தெரியுதா?"

எதிரே குனிந்திருந்த அவள் முகம் பளிச்சென்று தெரிந்தது. கண்ணுக்குக் கீழே கருவளையம். கன்னம் ஒட்டிப்போயிருந்தது. பச்சைக் குழந்தையோடு இத்தனை நாள் கண்விழித்த முகம்.

"ரொம்ப இளைச்சுப் போயிட்டியே" என்றேன்.

"நான் வந்து ஒரு வாரம் ஆச்சு" என்றாள்.