பீற்றூட்டின் மேல் போட்ட பழி

எனக்கு எழுபத்தாறு வயது. ஐந்து பிள்ளைகளை வளர்த்தேன். கொழும்பு கொட்டாஞ்சேனையில் இடியப்பம் அவித்து விற்று வளர்த்தேன். ஒருவரிடமும் கை நீட்டவில்லை. படிப்பு இரண்டாம் வகுப்போடு சரி. நான் சொல்கிறேன், பேத்தி ஆரணி எழுதுகிறாள். எனக்கு வந்த நோயே வந்து, அந்த வருத்தத்தை வெளியே சொல்லக் கூசி இருப்பவர்களுக்காக இது.

முதலில் கண்டது இரத்தம். மலத்தோடு கொஞ்சம். முதல் நாள் சாப்பிட்ட பீற்றூட் கறி என்று நினைத்தேன். பீற்றூட் வாங்காத கிழமையும் கண்டேன். அப்போதும் தண்ணீரை ஊற்றிவிட்டுப் பேசாமல் இருந்தேன். ஒரு நாள் குழாயில் தண்ணீர் நின்றுவிட்டது. மகள் வசந்தி, ஆரணியின் தாய், கண்டுவிட்டாள்.

"எவ்வளவு நாளா அம்மா?"

"பீற்றூட் பிள்ளை."

"இந்த வீட்டில பீற்றூட் சமைச்சு ஒரு மாதமாகுது."

கொலனஸ்கோபி (பின்வழியால் கமராக் குழாயை விட்டுக் குடலைப் பார்ப்பது) செய்தார்கள். மலவாசலுக்குச் சற்று மேலே, மலக்குடலில் ஒரு சதை வளர்ந்திருந்தது. பயொப்ஸிக்கு (சதையில் கிள்ளி எடுத்துச் சோதிப்பது) அனுப்பினார்கள்.

மறுமொழி வரும்வரை நித்திரை இல்லை. குடலை வெட்டி, வயிற்றில் ஓட்டை போட்டுப் பை கட்டுவார்கள், மலம் அதற்குள்தான் வரும் என்று பக்கத்து வீட்டு மனுசி சொல்லியிருந்தாள். பையோடு எப்படிக் கோயில் படி ஏறுவேன்? இப்போது மகளோடு இருக்கும் வெள்ளவத்தையில் கடலோரம் ரயில் போனால் எங்கள் ஜன்னல் அதிரும். அந்த நாட்களில் கடைசி ரயில் வரைக்கும் எண்ணிக்கொண்டு படுத்திருந்தேன்.

டொக்டர் வசந்தியோடு இங்கிலிஷில் கதைத்தார். அவள் முகம் வாடியது.

"ஒண்டுமில்லை அம்மா, சின்னக் கட்டி" என்று மூக்கைத் தொட்டாள். சின்ன வயதிலும் பொய் சொன்னால் மூக்கைத்தான் தொடுவாள்.

டொக்டர் சிங்களவர். என்னிடம் இடியப்பம் வாங்கியவர்களில் பாதிப்பேர் சிங்களவர்கள்தான்.

"மட்ட கியன்ன, தொஸ்தர மஹத்தயா" என்றேன். எனக்குச் சொல்லுங்கள் என்று, அவர்களிடம் பழகிய சிங்களத்தில்.

அவர் சிரித்துவிட்டு, உட்கார்ந்திருந்த கதிரையை என் பக்கம் திருப்பினார். கிள்ளி எடுத்த துண்டில் புற்றுநோய் இல்லை. ஆனால் அந்தப் பக்கம் திரும்பத் தொடங்கியிருக்கிறது. முழுவதையும் எடுத்துப் பார்த்தால்தான் நிச்சயம். வயிற்றைக் கீறாமல், மலவாசல் வழியாகவே கமராவும் மெல்லிய கருவிகளும் விட்டு வெட்டுவாராம். வேர் ஆழமாக இருந்தால் இன்னொரு சத்திரசிகிச்சை. அப்போது பை வரலாம். வராது என்று அவர் சத்தியம் பண்ணவில்லை.

ஆரணி ஃபோனில் காட்டிய ஒரு வீடியோவை நினைத்து, "றோபோவா வெட்டப்போகுது?" என்று கேட்டேன். சில இடங்களில் றோபோக் கையாலும் செய்வார்கள், அதையும் ஒரு டொக்டர்தான் ஆட்டுவார், உங்களுக்கு என் கை போதும் என்றார். வசந்தி வெட்கத்தில் தலையைக் குனிந்தாள்.

மயக்கம் தெளிந்ததும் கை முதலில் வயிற்றைத்தான் தடவியது. வெறும் தோல். அழுதேன்.

பிறகு வந்ததை ஒருவரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. அவசரம் வந்தால் அடக்க முடியாது. நடக்கும் வழியிலேயே உடுப்பு நனையும். ஐந்து பிள்ளைகளைக் கழுவியெடுத்த என்னை மகள் கழுவினாள். சில கிழமை போனபின் அது குறைந்தது. உங்களுக்கும் குறையும், பயப்படாதீர்கள்.

முழு றிப்போட் வந்தது. புற்றுநோய் இல்லை, வெட்டிய ஓரங்கள் சுத்தம். ஆனால் திரும்ப வளரலாமாம். அடிக்கடி கமரா விட்டுப் பார்க்க வேண்டும். முந்தி தைப்பொங்கலிலிருந்து தீபாவளிக்கு நாள் எண்ணினேன். இப்போது ஒரு கமராவிலிருந்து அடுத்த கமராவுக்கு.

காலையில் தண்ணீர் ஊற்றுமுன் குனிந்து பார்க்கிறேன். பீற்றூட் எனக்கு நல்ல விருப்பம், விட்டுவிட்டேன். சிவப்பைக் கண்டால் எதன் சிவப்பு என்று சந்தேகம் வரக்கூடாது.

"ஆரணி, இனி வாசிச்சுக் காட்டு."

"அம்மம்மா, 'மலவாசல்' எண்டதை வெட்டிப்போட்டு 'கீழ்ப்பக்கம்' எண்டு போடட்டா?"

"கீழ்ப்பக்கம், கீழ்ப்பக்கம் எண்டுதானே பிள்ளை நான் வாயை மூடிக்கொண்டு இருந்தனான். எழுதினபடியே வாசி. சத்தமா. உன்ர அம்மாவுக்கும் கேக்கட்டும்."