கடைசி எண் மட்டும் வேறு

சாவிக்காரர் எதையும் லேசில் நம்புகிற ஆள் இல்லை. ஊரில் பாதிப் பூட்டைச் சாவியில்லாமலே திறந்து பார்த்தவருக்கு எந்தக் கதவின் மேல்தான் நம்பிக்கை வரும், சொல்லுங்கள்! கடையைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போவார், திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பார். "என்னையாவது நம்புறீங்களா?" என்று மனைவி கேலி செய்தால், "யோசிச்சுச் சொல்றேன்" என்பார்.

அப்படிப்பட்டவரின் கடை வாசலில் ஒருநாள் பல்கலைக்கழகத்து மேடம் ஒருவர் வந்து நின்றார். மகள் படித்த பள்ளிக்கூடத்தில் விசாரித்துவிட்டு வந்தாராம். வீட்டில் ஒருத்தர்கூடக் கல்லூரி வாசலை மிதிக்காத பிள்ளைகளுக்கென்று கொஞ்சம் இடம் ஒதுக்கியிருக்கிறார்களாம். ஒரு நேர்முகத் தேர்வு, அவ்வளவுதான். தேறிவிட்டால் படிப்பு, விடுதி, சாப்பாடு எல்லாம் அவர்கள் பொறுப்பு.

சாவிக்காரர் கையிலிருந்த அரத்தைக் கீழே வைக்கவில்லை. "நாங்க படிக்கலைன்னா அதுக்கு ஒரு பரிசா?"

"பரிசு இல்லைங்க. இத்தனை வருஷம் இந்தத் தெருப்பக்கம் நாங்க எட்டியே பார்க்கல. அது எங்க தப்பு."

தப்பை இவ்வளவு சுலபமாக ஒத்துக்கொள்கிறாரே என்றதும் அவருக்குச் சந்தேகம் இரட்டிப்பானது. யார் வீட்டுப் பிள்ளைக்கு யார் சோறு போடுவார்கள்? எதையோ நம் தலையில் கட்டப் பார்க்கிறார்கள். மேடம் போன் நம்பர் கேட்டதும், பொருள் விற்க வருகிறவர்களிடம் சொல்வதையே சொல்லி வைத்தார். தன் நம்பர்தான், கடைசி எண் மட்டும் வேறு.

மகள் தினமும் கேட்டாள். "அப்பா, போன் வந்துச்சா?"

"வரலம்மா. நான்தான் சொன்னேனே, எல்லாம் பித்தலாட்டம்."

சொல்லச் சொல்ல அவருக்கே அது நிஜமாகிவிட்டது, அதுதான் கூத்து. கேட்டுக் கேட்டு அலுத்துப்போன மகள், துணிக்கடையில் வேலைக்குப் பேசிவிட்டு வந்தாள். அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்கவில்லை. அப்போதாவது வாயைத் திறந்தாரா? பாவி மனுஷன், தண்ணீரைக் குடித்துவிட்டு எழுந்துவிட்டார்.

மேடம் விடவில்லை, நேரிலேயே வந்துவிட்டார். சாப்பாடு கொண்டுவந்த மகளும் கடையில்தான் இருந்தாள். "எத்தனை தடவை கூப்பிட்டேன் தெரியுமா? யாரோ எடுத்துத் திட்டுறார். நாளைக்குத்தான் கடைசி நேர்முகம். விட்டா இந்த வருஷம் போச்சு" என்றார் மேடம்.

மகள் நம்பரை வாங்கிப் பார்த்தாள். "கடைசி எண் தப்பா இருக்கு" என்றாள் மெதுவாக.

"அடடா, நான்தான் தப்பாப் போட்டுக்கிட்டேன் போல" என்றார் மேடம்.

அந்தப் பழியையும் சாவிக்காரர் மேடம் தலையிலேயே விட்டுவிட்டார். ஆனால் சின்ன வயதிலிருந்து அந்தக் கடையில் உட்கார்ந்து வளர்ந்தவள் மகள். அப்பா யாருக்கு எந்த நம்பரைக் கொடுப்பார் என்று அவளுக்குத் தெரியாதா? சரியான எண்ணை மேடத்துக்கு எழுதிக் கொடுத்தாள். மறுநாள் அப்பாவோடு நேர்முகத்துக்குக் கிளம்பினாள்.

நேர்முகம் நன்றாக நடந்தது. சாயங்காலமே சீட் உறுதி என்று சொல்லிவிட்டார்கள். சாவிக்காரருக்குக் கண் கலங்கிவிட்டது. இரண்டு பேரும் பஸ் நிறுத்தத்துக்கு வந்தார்கள். புது இடம், எந்தப் பக்கம் பார்த்தாலும் பஸ். அவர் போர்டைப் படித்துவிட்டு, "இதுதாம்மா நம்ம பஸ், ஏறு" என்றார்.

அப்பா சொன்னால் கண்ணை மூடிக்கொண்டு ஏறுகிற பெண் அவள். அன்றைக்கு ஏறவில்லை. அவரைத் தாண்டிப் போய், "அண்ணா, இது நிஜமாவே எங்க பக்கம் போகுமா?" என்று கண்டக்டரிடம் கேட்டாள்.